நாற்பத்தேழு திருகாணிகள்

வானூர்தி விபத்து என்றவுடன் புயலும் மூடுபனியும் விமானியின் பிழையுமே நம் நினைவுக்கு வருகின்றன. விமானம் தரையில் நிற்கும் இரவில் பணிமனையில் நிகழ்வதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

1991 செப்டம்பர் 11 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், லரீடோவிலிருந்து ஹூஸ்டன் நோக்கிக் காண்டினென்டல் எக்ஸ்பிரஸ் நிறுவனத்தின் 'பிரேசிலியா' விமானம் புறப்பட்டது. முப்பது பேர் அமரத்தக்க அச்சிறு விமானத்தில் அன்று இருந்தோர் 14 பேர். ஹூஸ்டனை நெருங்கித் தாழ இறங்குகையில், வாலிலுள்ள இடப்புறக் கிடைச்சிறகின் முன்விளிம்பு பெயர்ந்தது. தலைகுப்புறச் சாய்ந்த விமானம் வானிலேயே சிதைந்து, ஈகிள் லேக் என்னும் ஊரருகே வீழ்ந்தது. ஒருவரும் பிழைத்திலர்.

நிகழ்ந்தது இதுதான். அம்முன்விளிம்பின்மீது படியும் பனிக்கட்டியை உடைத்தெறிய ரப்பர் உறை ஒன்று உண்டு. முந்திய இரவு அவ்வுறையை மாற்றும் பணி நடைபெற்றது. மாலைப் பணியினர் வலப்புறத்தோடு இடப்புறத்திலும் மேற்பகுதித் திருகாணிகளைக் கழற்றினர். அடுத்து வந்த இரவுப் பணியினர் வலப்புறத்தை மட்டும் முடித்தனர். இடப்புறத்தில் 47 திருகாணிகள் மீண்டும் பூட்டப்படவேயில்லை. கிடைச்சிறகு செங்குத்து வாலின் உச்சியில் அமைந்திருப்பதால், அதன் மேற்புறம் தரையில் நிற்போர் கண்ணுக்குப் புலனாகாது. அடிப்பகுதித் திருகாணிகளின் பிடிப்பிலேயே விமானம் காலையில் லரீடோ சென்று சேர்ந்தது. திரும்பும்போது அப்பிடிப்புப் போதவில்லை.

பணி மாறுகையில் இதனை உரியவாறு எழுதிவைத்திருந்தால் 14 உயிர்கள் எஞ்சியிருக்கும். ஒற்று மிகுமா மிகாதா என்று மாணவரோடு வழக்காடும் நாம், எழுதாது விட்ட ஒரு வரிக்கு இத்துணை விலை உண்டென்று எண்ணியதில்லை.

அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், பணியாளரும் ஆய்வாளரும் நெறிமுறை வழுவியதையே முதற்காரணமாகக் கூறியது. நிர்வாகத்தின் தவற்றையும் அரசுக் கண்காணிப்பின் குறையையும் துணைக்காரணங்களாக்கியது. வாரிய உறுப்பினர் ஜான் லாபர் இதற்கு உடன்படவில்லை. நெறிமுறைகளைப் பேணும் பண்பாட்டை நிர்வாகம் வளர்க்கத் தவறியதும் முதற்காரணமே என்றார் அவர். நமக்கும் அவர் கூற்றே ஏற்புடையதாகத் தோன்றுகிறது. ஓர் இரவில் ஒருவர் மறக்கலாம். ஆய்வாளர் உட்பட இத்தனை பேர் கண்ணுக்கும் தப்பியதைத் தனியொருவர் மறதி என்று கொள்வது எங்ஙனம்?

2005 டிசம்பர் 19 அன்று மயாமிக் கடலோரத்தில் 20 பேருடன் வீழ்ந்த 'மல்லார்டு' நீர்விமானத்தின் கதை இதனினும் நீண்டது. 1947-இல் கட்டப்பெற்ற அதன் வலச்சிறகினுள் விரிசல் வளர்ந்துவந்தது. அதற்கு அறிகுறியாக எரிபொருள் கசிந்தது. கசிவை அடைக்கப் பசை பூசினர். சிறகு முறிந்தபின், அப்பசைக்கு அடியிலேயே விரிசல் இருந்தது தெரியவந்தது.