எதிர்முனையில் இருப்பது யாரு?



கதவைத் தட்டினால் "யாரு?" என்று கேட்போம். "நான்தான்" என்று பதில் வரும். குரல் தெரிந்தால் திறப்போம். ஆனால் தகவல் போகும் கம்பியின் அந்தப் பக்கம் இருப்பவர் "நான்தான்" என்றால் எப்படி நம்புவது? குவாண்டம் பின்னல் உதவுமா என்று படித்துப் பார்த்தேன்.

லேசர் ஒளியை ஒருவகைப் படிகத்தில் செலுத்தினால் பின்னிய ஃபோட்டான் ஜோடிகள் கிடைக்கும். ஒன்று கமலாவுக்கு, மற்றது விமலாவுக்கு என்று வைத்துக்கொள்வோம். இருவரும் ஒரே திசையில் தளவிளைவை அளந்தால் ஒரே விடைதான் வரும். ஆனால் அது 0-வா 1-ஆ என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. பல ஜோடிகளை அளந்தால் இருவர் கையிலும் ஒரே ரகசிய எண்வரிசை! செய்தியைப் பூட்டும் சாவி அதுதான்.

நடுவில் ஒருவன் அளந்து பார்த்தால் பின்னல் அறுந்துவிடும். எப்படித் தெரியும்? வேறு வேறு திசைகளில் அளந்த விடைகளை ஒப்பிட்டு ஒரு கணக்குப் போடுவார்கள். பின்னல் இல்லாவிட்டால் விடை 2-ஐத் தாண்டாது; இருந்தால் 2.83 வரை போகும். ஜான் பெல் 1964-ல் காட்டிய வழியில் வந்த கணக்கு இது. இதை ரகசியச் சாவிக்குப் பயன்படுத்தலாம் என்று 1991-ல் சொன்னவர் ஆர்தர் எக்கர்ட்.

2004 ஏப்ரலில் வியன்னா நகரமன்றத்துக்கும் ஒரு வங்கிக்கும் இடையே இப்படிப் பூட்டிப் பணம் மாற்றினார்கள். ஃபோட்டான் போன கண்ணாடி இழை சாக்கடைக் குழாய்க்குள் போட்டதாம்! 2020-ல் சீன விஞ்ஞானிகள் மிசியஸ் செயற்கைக்கோள் மூலம் 1,120 கி.மீ. தள்ளியிருந்த இரு நிலையங்களுக்குச் சாவி கொடுத்தார்கள்.

"ஆகவே பின்னல் ஆளைக் காட்டிக் கொடுக்கும்" என்று எழுதி இயற்பியல் சாரிடம் நீட்டினேன். "ஃபோட்டான் முகத்தைப் பார்க்குமா? திருடனே விமலா மாதிரி உட்கார்ந்துகிட்டா?" என்றார். யோசித்தேன். அவன் கமலாவோடு ஒரு பின்னல், விமலாவோடு இன்னொரு பின்னல் வைத்துக்கொள்ளலாம். இரண்டிலும் கணக்கு 2-ஐத் தாண்டும்! அந்த வரியை அடித்துவிட்டேன்.

அப்போ என்ன வழி? இருவரும் முதலிலேயே நேரில் ஒரு சின்ன ரகசியம் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். அளந்த திசைகளைச் சொல்லிக்கொள்ளும்போது, அந்த ரகசியத்தால் கணக்கிட்ட முத்திரை எண்ணையும் சேர்த்து அனுப்புவார்கள். ரகசியம் தெரியாதவனால் சரியான முத்திரை போட முடியாது. பிறகு கிடைக்கும் புதுச் சாவியில் கொஞ்சத்தை அடுத்த தடவைக்கு எடுத்து வைத்தால் போதும். மறுபடி சந்திக்க வேண்டாம்.

ஒட்டுக்கேட்பவனைப் பின்னல் பிடிக்கும். ஆள்மாறாட்டக்காரனைப் பிடிக்க, முன்பே பேசி வைத்த ரகசியம்தான் வேணும். அதனால், "நான்தான்" என்ற சொல்லை மட்டும் நம்பிக் கதவைத் திறக்காதீங்க!

– பன்னிரண்டாம் வகுப்பு மாணவி