சுமைக்கேற்ற வண்டி
மரக்கறிச் செய்கையாளர் வாகனம் வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

மரக்கறி விளைவது தோட்டத்தில். அது பணமாவது சந்தையில். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வீதியிலே கமக்காரரின் இலாபத்தில் ஒரு பங்கு கழிந்துவிடுகின்றது. அப்பங்கு பெரிதாவதும் சிறிதாவதும் சுமையேற்றும் வண்டியைப் பொறுத்ததாகும். “சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்” என்று முன்னோர் கூறியது இதனைக் கருதியே.

அலவத்துகொட, கண்டியிலிருந்து வடக்கே செல்லும் ஏ9 வீதியில் அக்குறணைக்கும் மாத்தளைக்கும் இடையில் அமைந்துள்ளது. இப்பகுதிச் செய்கையாளருக்குச் சந்தைகள் இரு திசையிலும் உள்ளன. தெற்கே அக்குறணை, கட்டுகஸ்தோட்டை வழியாகக் கண்டியை அடையலாம். வடக்கே பலகடுவக் கணவாயைக் கடந்து, மாத்தளை, நாலந்தை, நாவுல வழியாகச் சென்றால், 1999 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தம்புள்ளை விசேட பொருளாதார மத்திய நிலையத்தை அடையலாம். தம்புள்ளைக்குப் போய்வர ஏறக்குறைய 110 கிலோமீற்றர் ஓட வேண்டும்.

2020 மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதிக்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் இடமளிக்கப்பட்டது. பழைய வண்டியைப் பல ஆண்டுகளாகத் திருத்தித் திருத்தி ஓட்டியோர் புதியதொன்றை நாடுவது இயல்பே. அவ்வாறு நாடுவோர் முன்னே எளிய சிறு வண்டியும் நிற்கின்றது. வசதிகள் நிறைந்த பெரிய வண்டியும் நிற்கின்றது. எதனைத் தெரிவது?

வண்டிகளின் வகை

கமக்காரர் பெரும்பாலும் கருதுபவை நான்கு வகையின.

முதலாவது, “பட்டா” என்று மக்கள் அழைக்கும் சிறு லொறி. 2005 ஆம் ஆண்டு இந்தியாவில் வெளிவந்த டாட்டா ஏஸ் வண்டியே இலங்கையில் “டிமோ பட்டா” எனப் பெயர் பெற்றது. முதலில் வந்த வகை இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சினைக் கொண்டது. 750 கிலோகிராம் சுமக்க அமைக்கப்பட்டது.

இரண்டாவது, ஒரே வரிசை ஆசனமுள்ள சிங்கிள் கெப். மூன்றாவது, இரண்டு வரிசை ஆசனமும் நான்கு கதவுகளும் உள்ள டபிள் கெப். குளிரூட்டியும் நான்கு சில்லு இயக்கமும் வேறு பல வசதிகளும் இதிலேயே மிகுதி. நான்காவது, இரண்டு தொன்னுக்கு மேல் ஏற்றும் லொறி.

கெப் வண்டி முதலில் வசதிக்காகத் தோன்றியதன்று. 1925 ஆம் ஆண்டு அமெரிக்காவில் போர்ட் நிறுவனம் தன் மொடல் டி காரின் பின்புறத்தில் சுமைத் தட்டொன்றைப் பொருத்தி 281 டொலருக்கு விற்றது. இருக்கை, சில்லு, தட்டு என்பவற்றுக்கு மேலாக அதில் அதிகம் இருக்கவில்லை. வசதிகள் யாவும் பின்னர் வந்து சேர்ந்தவை. அவை கூடியபோது சுமைக்குரிய இடமே குறைந்தது.

பெட்டியால் அளத்தல்

வண்டியைத் தோற்றத்தால் அளவிடலாகாது. அது கொள்ளும் பெட்டிகளால் அளவிட வேண்டும். டொயோட்டா ஹைலக்ஸ் வண்டியை எடுத்துக்கொள்வோம். அதன் சிங்கிள் கெப்பில் சுமைத் தட்டின் நீளம் ஏறக்குறைய 2.3 மீற்றர். டபிள் கெப்பிலோ அது ஏறக்குறைய 1.5 மீற்றர் மட்டுமே. பின் ஆசனம் பிடித்த இடம் சுமைக்கு இல்லாமற் போகின்றது. விலையிற் குறைந்த பட்டா லொறியின் தட்டு 2.2 மீற்றர் நீளமானது.

60 சென்ரிமீற்றர் நீளமும் 40 சென்ரிமீற்றர் அகலமும் உள்ள பிளாஸ்டிக் பெட்டிகளை அடுக்குவதாகக் கொள்வோம். பட்டாவில் ஓர் அடுக்கில் 10 பெட்டிகள் அமையும். மூன்று அடுக்கில் 30. டபிள் கெப்பில் ஓர் அடுக்கில் 6. மூன்று அடுக்கில் 18. பெட்டியொன்றில் 20 கிலோகிராம் தக்காளி இருப்பின், பட்டா 600 கிலோகிராமும் டபிள் கெப் 360 கிலோகிராமும் கொண்டுசெல்லும். எஞ்சினின் வலு மிகுந்திருந்தும் இடமின்மையால் அவ்வலு வீணாகின்றது.

சாக்கில் ஏற்றினால் கூடுதலாகத் திணிக்கலாமே எனச் சிலர் கூறுவர். திணித்த சுமையில் அடிச்சாக்குத் தக்காளி நசுங்கும், போஞ்சி வெதும்பும். 2011 டிசெம்பரில் பெட்டிகளைக் கட்டாயமாக்கும் விதி நடைமுறைக்கு வந்தபோது எதிர்ப்பு எழுந்தமையும் நினைவுகூரத்தக்கது. சாக்கை மடித்துத் திரும்பக் கொண்டுவரலாம். பெட்டியோ வெறுமையாயினும் இடம்பிடிக்கும். ஆகவே பெட்டியைப் பயன்படுத்த விரும்புவோர்க்குத் தட்டின் நீளம் மேலும் முக்கியமாகின்றது.

எரிபொருட் கணக்கு

பட்டா ஒரு இலீற்றருக்கு 15 கிலோமீற்றரும், டபிள் கெப் 10 கிலோமீற்றரும், பெரிய லொறி 6 கிலோமீற்றரும் ஓடுவதாகக் கொள்வோம். தம்புள்ளைக்குப் போய்வர முறையே ஏறக்குறைய 7.3, 11, 18.3 இலீற்றர் செலவாகும். இதனை ஏற்றிய சுமையால் வகுக்க வேண்டும்.

பட்டாவில் 600 கிலோகிராம் ஏற்றினால், 100 கிலோகிராமுக்கு 1.2 இலீற்றர்.
டபிள் கெப்பில் 360 கிலோகிராம் ஏற்றினால், 100 கிலோகிராமுக்கு 3 இலீற்றர்.
பெரிய லொறியில் 2,500 கிலோகிராம் நிறைய ஏற்றினால், 100 கிலோகிராமுக்கு 0.7 இலீற்றர்.
அதே லொறியில் 600 கிலோகிராம் மட்டும் ஏற்றினால், 100 கிலோகிராமுக்கு 3 இலீற்றர்.

பெரிய லொறி நிறைந்து ஓடும்போது யாவற்றிலும் மலிவானது. குறைந்து ஓடும்போது அதுவே செலவு மிகுந்ததாகின்றது. ஒவ்வொருவரும் தம் வண்டியின் உண்மையான ஓட்டத்தை அறிந்து இக்கணக்கைத் தாமே செய்து பார்த்தல் நன்று.

அறுவடை நாளும் சந்தை நாளும்

நெல்லும் மரக்கறியும் செய்வோர் பலர், அறுவடைச் சுமையை மனத்திற் கொண்டே பெரிய வண்டியை விரும்புகின்றனர். ஓர் ஏக்கரில் 80 புசல் நெல் விளைந்தால் அதன் நிறை ஏறக்குறைய 1,670 கிலோகிராம். பட்டாவில் அதனை ஏற்ற மூன்று நடை வேண்டும் என்பது உண்மையே. ஆயினும், அச்சுமை பெரும்போகத்தில் ஒரு முறையும் சிறுபோகத்தில் ஒரு முறையுமே வருவது. மரக்கறியோ வாரந்தோறும் சந்தைக்குச் செல்வது. ஆண்டில் இரண்டு நாள் வேலைக்காக ஆண்டு முழுவதும் பெரிய வண்டிக்குத் தீனி போடுதல் பொருந்தாது. அந்நாட்களில் லொறியொன்றை வாடகைக்குப் பிடித்து, அயலவரும் செலவைப் பகிர்ந்துகொள்ளலாம்.

மலைவீதியிற் கவனிக்க வேண்டியவை

பலகடுவ ஏற்றத்தில் சிறு லொறி மெதுவாகவே ஏறும், அது குறையன்று. அளவுக்கு மிஞ்சி ஏற்றுவதே ஆபத்து. உற்பத்தியாளர் குறித்த நிறையில் பெட்டிகளின் நிறையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். மாத்தளைப் பக்கம் இறங்கும்போது பிறேக்கை இடைவிடாது மிதியாமல், கியரைத் தாழ்த்தி எஞ்சினின் பிடியிலேயே இறங்குதல் வேண்டும்.

நான்கு சில்லு இயக்கம் யாருக்குத் தேவை? தோட்டத்திலிருந்து பெருவீதிவரை மண்பாதையாகவும், மழையிற் சறுக்குவதாகவும் உள்ளவர்க்கு அது பயன்தரும். கொங்கிறீற்று இட்ட பாதையுள்ளவர்க்கு அது பெரும்பாலும் வாளாவிருக்கும். விலையும் எரிபொருளும் மட்டும் கூடும். பிங்கா ஓயா பெருகி அக்குறணையில் வீதி மூழ்கும்போதும், 2025 நவம்பர் இறுதியில் “டிட்வா” புயல் மழையால் கண்டி மாவட்டத்தில் நேர்ந்தவை போன்ற மண்சரிவுகளின்போதும், எவ்வண்டியாயினும் நின்றேயாக வேண்டும். மூடிய வீதியை நான்கு சில்லு இயக்கம் திறந்துவிடாது.

கெப்பின் குளிரூட்டி ஓட்டுநரையே குளிர்விக்கும். பின்னாலுள்ள தக்காளியை அன்று. மரக்கறிக்கு வேண்டியவை நிழல் தரும் கூடாரமும், காற்று புகும் இடைவெளியும், வெயிலுக்கு முந்திய பயணமுமே.

டபிள் கெப் பொருந்துவது யாருக்கு?

குடும்பத்துக்கும் தொழிலுக்கும் ஒரே வண்டி வைத்திருப்போர்க்கும், கூலியாட்களை நாள்தோறும் ஏற்றிச்செல்வோர்க்கும், சுமை குறைவாக உள்ளோர்க்கும் டபிள் கெப் பொருத்தமானது. சுமைத் தட்டில் ஆட்களை இருத்திச் செல்வதினும் ஆசனத்தில் இருத்துவது எவ்வளவோ மேலானது. அதனை அத்தேவைக்காக வாங்குவது தவறன்று. சந்தைச் சுமைக்கென வாங்குவதே தவறாகும்.

தவணைக் கடன்

மரக்கறி வருமானம் போகத்தைப் பொறுத்து ஏறி இறங்கும். தவணைப் பணமோ மாதந்தோறும் தவறாது வந்து நிற்கும். தம்புள்ளையில் விலை வீழ்ந்த மாதத்திலும் அது குறையாது. தவணை தவறின் வண்டி போகும். காணியை ஈடுவைத்திருப்பின் அதற்கும் இடர் நேரும்.

ஆகவே மாதத் தவணையை அம்மாதச் சந்தைப் பயணங்களால் வகுத்துப் பார்க்க வேண்டும். மாதம் 8 பயணமாயின் ஒவ்வொரு பயணமும் தவணையில் எட்டிலொரு பங்கைச் சுமக்கின்றது. அதனுடன் எரிபொருள், காப்புறுதி, திருத்தச் செலவு ஆகியவற்றையும் கூட்டி, வாடகை லொறியின் கூலியோடு ஒப்பிடுக. வாடகை குறைவாயின், வண்டி வாங்காதிருப்பதே இலாபம்.

வாங்குமுன் செய்ய வேண்டியவை

1. மூன்று மாதங்களுக்கு ஒவ்வொரு சந்தை நாளிலும் சென்ற சுமையை எழுதிவைத்து, வழக்கமான சுமையை அறிக.
2. தாம் பயன்படுத்தும் பெட்டிகளையே கொண்டுசென்று தட்டில் அடுக்கிப் பார்க்க.
3. தோட்டப் பாதையின் அகலம், திருப்பம், சரிவு ஆகியவற்றுக்கு வண்டி பொருந்துமா என ஓட்டிப் பார்க்க.
4. உதிரிப்பாகமும் பழகிய மெக்கானிக்கும் அக்குறணை, மாத்தளை, கண்டி ஆகிய இடங்களிற் கிடைக்குமா என விசாரிக்க.
5. பழைய வண்டியாயின் அடிச்சட்டத்தின் துருவையும் பிறேக்கையும் தேர்ந்தவரைக் கொண்டு சோதிப்பிக்க.
6. விலை மிகத் தாழ்ந்த மாதத்திலும் தவணையைக் கட்ட இயலுமா எனக் கணக்கிட்ட பின்னரே கையொப்பமிடுக.

வழக்கமான சந்தை நாளின் சுமைக்குப் போதுமானதும், அச்சுமையால் நிறைந்து ஓடக்கூடியதுமான வண்டியே கமக்காரருக்கு உகந்த வண்டியாகும்.