அப்பாவின் கார் திரும்பவும் காராகுமா?

போன மாதம் அப்பாவின் கொரோலாவை ஸ்க்ராப்புக்குக் கொடுத்தோம். 19 வருசக் கார். நான் ட்ரைவிங் பழகினது அதில்தான், அக்கா கலியாணத்துக்கு மண்டபத்துக்குப் போனதும் அதில்தான். லொறிக்காரர் கொழுவி ஏற்றிவிட்டு 240 பவுண்ட்ஸை பாங்குக்கு அனுப்பினார். (ஸ்க்ராப்புக்குக் கையில் காசு கொடுக்க இங்கிலாந்தில் சட்டம் விடாது. கேபிள் களவைக் குறைக்க வந்த சட்டம்.) லொறி ரோட்டு முனையில் திரும்புமட்டும் அப்பா வாசலிலேயே நின்றார்.

“தம்பி, இதை இனி என்ன செய்வாங்கள்?”

“உருக்குவாங்கள் அப்பா.”

“உருக்கி?”

‘திரும்பவும் கார் செய்வாங்கள்’ என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. அது அநேகமாக உண்மையில்லை என்று எனக்குத் தெரியும்.

எப்படித் தெரியும்? என்ர தொழில் சொஃப்ட்வெயர். ஆனால் மூன்று வருசத்துக்கு முதல் ஏழு மாதம் ஒரு ஸ்க்ராப் யார்டில் கொன்ட்ராக்ட் செய்தேன். சிவியில் ‘கொம்பியூட்டர் விஷன், மறுசுழற்சித் துறை’ என்று வடிவாகப் போட்டிருக்கிறேன். உண்மையில் பாதி நாள் ஹெல்மெட்டும் காதடைப்பானுமாக ஒரு கொன்வேயருக்குப் பக்கத்தில் நின்றதுதான் வேலை.

அங்கே ஒரு காரை ஷ்ரெடருக்குள் விட்டால் கைப்பிடி அளவு துண்டுகளாக வெளியே வரும். பிறகு பெரிய மக்னெட் ஒன்று இரும்பை மட்டும் இழுத்தெடுக்கும். கேட்க லேசான வேலை மாதிரித்தான் இருக்கு. ஆனால் ஒரு காருக்குள் எத்தனை மோட்டர் இருக்கு என்று எண்ணிப் பாருங்கள்: வைப்பர், ஜன்னல் கண்ணாடி, ஃபான், ஸ்டார்ட்டர், ஓல்டர்னேட்டர், சீட். அநேகமான மோட்டர்களின் நடுவில் இரும்புத் தகடும் அதைச் சுற்றிச் செம்புக் கம்பியும் இருக்கும். மக்னெட் அந்த இரும்பைப் பிடிக்க, செம்பும் கூடவே தொங்கிக்கொண்டு வரும். யார்டில் அதுக்குப் பெயர் மீட்போல். பார்க்கவும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கும்.

ஒரு துண்டு செம்பு வந்தால் என்ன என்றுதான் முதல் நாள் நானும் கேட்டேன்.

எஃகை உருக்கும்போது வேண்டாத சாமானை வெளியேற்ற ஒக்சிசன் ஊதுவார்கள். கார்பன் வாயுவாகப் போய்விடும், சிலிக்கன் கசடோடு மிதக்கும். செம்பு மட்டும் அசையாது. ஒக்சிசனோடு சேர்வதில் இரும்புக்கு இருக்கிற அவசரம் செம்புக்கு இல்லை. ஆகவே ஊத ஊத இரும்புதான் எரியும், செம்பு சட்டிக்குள்ளேயே இருக்கும். கறிக்கு உப்புக் கூடின கதைதான். அள்ளி எடுக்க ஏலாது, இன்னும் கொஞ்சம் கறியைச் சேர்த்துத்தான் சரிக்கட்டலாம்.

சூட்டோடு அந்த எஃகைத் தகடாக உருட்டும்போதுதான் பிரச்சினை வெளியே தெரியும். கிட்டத்தட்ட 1,200 பாகைச் சூட்டில் மேற்பரப்பு இரும்பு காற்றோடு சேர்ந்து பொருக்காக மாறும். மாறாத செம்பு பொருக்குக்குக் கீழே கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். செம்பு 1,085 பாகையிலேயே உருகிவிடும் என்பதால், அந்தத் திரவம் எஃகின் மணிகளுக்கு இடையில் இருக்கிற எல்லைகளுக்குள் ஊறி இறங்கும். உருளை அழுத்த, தகட்டின் தோல் வெடிக்கும். ஹொட் ஷோர்ட்னெஸ் என்பார்கள். தகரம் சேர்ந்திருந்தால் இன்னும் மோசம், நிக்கல் இருந்தால் கொஞ்சம் தாங்கும்.

காரின் வெளித்தகடு மாதிரி ஆழமாக அமுக்கி வடிவம் எடுக்கிற எஃகில் செம்பு 0.06 வீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அதாவது ஒரு தொன்னுக்கு 600 கிராம். கட்டடக் கம்பி 0.4 வீதம் வரை, தொன்னுக்கு 4 கிலோ வரை தாங்கும். அதனால்தான் பழைய கார் பெரும்பாலும் கம்பியாகிறது. அப்பாவின் கொரோலா இனி எங்கேயோ ஒரு ஃப்ளாட்டின் கொங்கிரீட்டுக்குள் கிடக்கும்.

இத்தனை காலமும் இது யாருக்கும் பெரிய தலையிடி இல்லை. ஊதுலைகள் நிலக்கரியைக் கொண்டு புது இரும்பு செய்துகொண்டே இருந்தன, நல்ல தகட்டுக்கு அது போதும். இந்த நாட்டு ஸ்க்ராப்பில் பெரும்பகுதி கப்பலேறி வெளியே போனது. ஆனால் ஊதுலையில் ஒரு தொன் எஃகு செய்ய ஏறக்குறைய 2 தொன் கார்பன்-டை-ஒக்சைட்டு வெளியேறும். காற்றாலைக் கோபுரம் தொடக்கம் மின்சாரக் காரின் மோட்டர் வரை எல்லாத்துக்கும் எஃகு வேண்டும். அந்த எஃகே இப்படிப் புகை கக்கினால் கணக்கு எப்படிச் சரிவரும்?

இந்த இடத்தில்தான் போர்ட் டால்பட் கதைக்குள் வருகிறது. தென் வேல்ஸில் இருக்கிற இந்த ஊரில் டாட்டா ஸ்டீலின் கடைசி ஊதுலை 2024 செப்டெம்பர் 30 அன்று நின்றது. அதற்குப் பதிலாக ஸ்க்ராப்பை மின்சாரத்தால் உருக்குகிற ஒரு பெரிய மின்வில் உலை, செலவு 125 கோடி பவுண்ட்ஸ், அதில் 50 கோடி அரசாங்கக் காசு. வருசத்துக்கு 30 லட்சம் தொன் எஃகு செய்வதுதான் திட்டம். அந்த இடத்தின் புகை 90 வீதம் குறையும் என்கிறது கொம்பனி. 2,800 வேலைகள் வரை போகும் என்றும் அறிவித்தது. செய்தியில் இந்த இரண்டு எண்ணும்தான் மாறி மாறி வந்தன. செம்பைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. போர்ட் டால்பட் காலங்காலமாகச் செய்தது கம்பி இல்லை, தகடு. அதே தகட்டை ஸ்க்ராப்பில் இருந்து செய்ய வேண்டுமென்றால் 600 கிராம் கணக்கு இனி அவர்களின் கழுத்தில்.

பகிடி என்னவென்றால், நாங்கள் எவ்வளவுக்குச் சுத்தமான சக்திக்கு மாறுகிறோமோ அவ்வளவுக்கு ஸ்க்ராப் அழுக்காகும். பெட்ரோல் காரில் இருக்கிற செம்பைவிட மின்சாரக் காரில் இருப்பது மூன்று நாலு மடங்கு. அந்தக் கார்கள் ஷ்ரெடருக்கு வர இன்னும் பத்துப் பதினைந்து வருசம் ஆகும். கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் 2017இலேயே இதைக் கணக்குப் பார்த்துவிட்டார்கள். இப்போது பிரிக்கிற மாதிரியே பிரித்துக்கொண்டு போனால், உலகத்து ஸ்க்ராப்பில் சேருகிற செம்பு 2050 அளவில் எஃகுப் பொருட்கள் தாங்கக்கூடிய அளவைத் தாண்டிவிடும்.

ஒரு வழி, கறியைக் கூட்டுவது. ஸ்வீடனில் ஹைபிரிட் என்ற திட்டம் நிலக்கரிக்குப் பதிலாக ஐதரசனைக் கொண்டு தாதில் இருந்து இரும்பைப் பிரிக்கிறது. வெளியே வருவது தண்ணீர் ஆவி. லூலியோ நகரத்துப் பரீட்சார்த்த ஆலையில் 2021இல் முதல் இரும்பு வந்தது. இந்த இரும்பில் செம்புப் பிரச்சினை இல்லை, ஸ்க்ராப்போடு கலந்து உருக்கலாம். ஆனால் சமன்பாட்டைப் போட்டுப் பாருங்கள்: ஒரு தொன் இரும்புக்கு 54 கிலோ ஐதரசன் வேண்டும். ஒரு கிலோ ஐதரசனைத் தண்ணீரில் இருந்து பிரிக்க ஏறக்குறைய 50 யூனிற் கரண்ட் பிடிக்கும். ஐதரசனுக்கு மட்டும் 2,700 யூனிற். ஸ்வீடனின் வடக்கே ஆறுகள் இருக்கு, நீர்மின்சாரம் இருக்கு. இங்கத்தைய கரண்ட் பில்லைத் திறந்து பார்க்கிற ஆட்களுக்கு நான் மேலே ஒன்றும் சொல்லத் தேவையில்லை.

(சந்தடி சாக்கில் ஒன்று. உலையில் கசடு உருவாகச் சுண்ணாம்பு போடுவார்கள். அதே கேம்பிரிட்ஜில் வேறொரு யோசனை: இடித்த கட்டடத்துச் சீமெந்தை அந்தச் சுண்ணாம்புக்குப் பதிலாகப் போட்டுப் பார்த்தார்கள். கசடைச் சடுதியாகக் குளிர வைத்து அரைத்தால் புதுச் சீமெந்தாகிறது. 2024இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. இதுக்கு ஒரு தனி எபிசோட் செய்ய வேண்டும்.)

மற்ற வழி, செம்பை உருக்க முதலே பிடிப்பது. எக்ஸ்ரே, லேசர், கமரா என்று பல விதமாக ஆராய்கிறார்கள். நான் வேலை செய்தது கமராவில்.

எனக்கு முதல் அந்த வேலையைச் செய்தது ஆறு பேர். கொன்வேயருக்கு மேலே ஒரு சின்னக் கபினில் நின்று மீட்போல்களைக் கையால் பொறுக்குவார்கள். அதில் ஒருவர் வவுனியாப் பக்கத்து அண்ணை. பதினொரு வருசமாக அங்கே. நான் எடுத்த ஆயிரக்கணக்கான படங்களை அவர்தான் இடைவேளையில் பார்த்து ‘இது ஓம், இது இல்லை’ என்று குறித்துத் தந்தார். அப்படியும் மொடல் சரிவரவில்லை. துருவும் ஒயிலும் பிடித்த துண்டுகள் எல்லாம் ஒரே நிறம், செம்பு தெரிவதில்லை. ஒரு நாள் அண்ணை என்ர லப்டொப்பை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, நீர் நிறத்தைப் பார்க்கிறீர். நான் அது உருளுற விதத்தைப் பார்க்கிறன்.”

தகடு சறுக்கும். மீட்போல் உருளும். ஒரு பெல்ட்டில் இருந்து அடுத்த பெல்ட்டுக்கு விழுகிற இடத்தில் அது தனியாகத் தெரியும். கமராவை அந்த இடத்துக்கு மாற்றி, ஒற்றைப் படத்துக்குப் பதிலாக வீடியோத் துண்டுகளைக் கொடுத்தேன். இரண்டு கிழமையில் மொடல் பிடிக்கத் தொடங்கிவிட்டது. மனேஜர் எனக்கு பிட்சா வாங்கித் தந்தார்.

என்ர கொன்ட்ராக்ட் முடிந்து மூன்று மாதத்தில் கபினில் ஆறு பேர் இரண்டு பேர் ஆனார்கள். அந்த இரண்டு பேரில் அண்ணை இல்லை. கமரா பிடிக்கிற ஒவ்வொரு மீட்போலும் புகையைக் குறைக்கிற வேலைதான். அதை நான் இப்போதும் நம்புகிறேன். இன்வொய்ஸ் அனுப்பினதும் நான்தான். மொடலைப் பற்றி எழுதிய ரிப்போர்ட்டில் அவருடைய பெயர் இல்லை. எழுதினதும் நான்தான்.

இந்த வருசம் கோயில் தேரன்று அவரைக் கண்டேன். இப்போது ஒரு வெயார்ஹவுஸில் இரவு வேலை. கோபமாகக் கதைப்பார் என்று நினைத்தேன். தேர் இருப்புக்கு வருமட்டும் சுகம் விசாரித்துக்கொண்டு நின்றவர், கடைசியில் கேட்டார்.

“அந்தக் கமரா மழை நாளில பிடிக்குதோ?”

“தெரியாது அண்ணை. நான் பிறகு அங்க போகேல்லை.”

“பிடிக்காது. மழைக்கு எல்லாம் ஒட்டிக்கொண்டு வரும், ஒண்டும் உருளாது. அப்ப சத்தத்தைத்தான் கேக்கவேணும். மீட்போல் விழுந்தா ஒரு ‘டொக்’. காதடைப்பானுக்குள்ளாலயும் கேக்கும்.” மடித்து வைத்திருந்த விபூதிப் பொட்டலத்தை ஷேர்ட் பொக்கெட்டுக்குள் போட்டார். “அதை நான் உமக்குச் சொல்லேல்லை என்ன?”