பசுமைவெளியை நாடும் பல திறத்தார்

உழைத்துக் களைத்த உடல் ஓய்வை நாடும். சோர்ந்த மனம் பசுமையை நாடும். ஆலைகள் பெருகப் பெருக இந்நாட்டமும் பெருகுகின்றது. சென்னைக்கு வடக்கே உள்ள அத்திப்பட்டு இதற்குத் தக்க சான்றாகும். வடசென்னை அனல்மின் நிலையம் 1994ஆம் ஆண்டிலும், எண்ணூர்த் துறைமுகம் 2001ஆம் ஆண்டிலும் இயங்கத் தொடங்கின. அவற்றின் பின், புகைபோக்கிகளும் நிலக்கரி வண்டிகளுமே இவ்வட்டாரத்தின் அன்றாடக் காட்சிகளாயின. இங்கு வாழ்வோர் ஒருநாள் ஓய்வு கிட்டினால் எங்குச் செல்வர்? மீஞ்சூர், பொன்னேரியைக் கடந்து பழவேற்காட்டிற்குச் செல்வோர் பலர்.

பசுமைவெளி என்பது மரஞ்செறிந்த காடு மட்டுமன்று. நீரும் நாணலும் பறவையும் கூடிய நெய்தல் நிலமும் பசுமைவெளியே. பழவேற்காடு, சிலிகாவிற்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியாகும். இதன் தமிழகப் பகுதி 1980ஆம் ஆண்டு பறவைகள் புகலிடமாக அறிவிக்கப்பெற்றது. இவ்வேரிக்கரைக்கு வருவோர் அனைவரும் ஒரு திறத்தார் அல்லர். அவர்களை நால்வகையினராகப் பகுத்துக் காணலாம்.

முதல் வகையினர் குடும்பத்தோடு பொழுதைக் கழிக்க வருவோர். கட்டுச்சோறும் குழந்தைகளுமாக வரும் இவர்கள் வேண்டுவன நிழல், குடிநீர், கழிப்பிடம், பாதுகாப்பு ஆகியவையே. இவ்வசதிகள் இல்லாவிடத்துப் பெண்களே முதலில் வருவதை நிறுத்திக்கொள்வர்.

இரண்டாம் வகையினர் இளைஞர். விரைவும் ஆரவாரமும் இவர்தம் இன்பம். மோட்டார் சைக்கிளில் கூட்டமாய் வந்து, படகேறி, படமெடுத்து மகிழ்வர்.

மூன்றாம் வகையினர் அறிவு நாட்டத்தோடு வருவோர். பூநாரையைக் காண்பதற்குத் தொலைநோக்கியுடன் வைகறையிலேயே வருபவரும், டச்சுக்காரர் 1613ஆம் ஆண்டு எழுப்பிய கோட்டையின் எச்சத்தையும் அவர்தம் கல்லறைகளையும் ஆராய வருபவரும் இவ்வகையினர். அமைதியே இவர்தம் தேவை.

நான்காம் வகையினர் தனிமையையும் நடையையும் விரும்பும் முதியோர். இவர்கள் வேண்டுவது சமதளமான பாதையும் அமர ஓர் இடமுமே.

ஒருவர்க்கு இன்பமாவது மற்றொருவர்க்கு இடையூறாதல் இங்கேதான் தொடங்குகின்றது. ஆழங்குறைந்த நீரில் இரைதேடும் பூநாரைக் கூட்டத்தை அணுகி ஓர் இயந்திரப் படகு சென்றால் கூட்டம் முழுவதும் எழுந்து பறக்கும். படகிலுள்ளோர்க்கு அஃது ஒரு நொடிக் காட்சி. பறவைக்கோ உணவும் ஆற்றலும் இழப்பு. இடையூறு மட்டுமன்று, உயிரிழப்பும் நேர்ந்ததுண்டு. 2011ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள், இன்பச் சுற்றுலா வந்தோர் ஏறிய படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மகிழ வந்த குடும்பங்கள் துயரத்தோடு திரும்பிய அந்நாளை இவ்வட்டாரம் மறவாது.

இந்நால்வகையினர்க்கும் முன்னரே அங்கு வாழ்வோர் உளர். வருவோர்க்கு ஏரி பொழுதுபோக்கு. மீனவர்க்கு அதுவே சோறு. பனையோலையில் பெட்டி முடையும் முஸ்லிம் பெண்களின் கைத்திறமும் இவ்வூரின் செல்வமாகும். வருவோர் இவர்களை ஒதுக்கிவிட்டுக் கரையை மட்டும் காண்பது அழகன்று.

அவ்வாறாயின் தீர்வு யாது? அதனை அம்மீனவரிடமிருந்தே நாம் கற்கலாம். பழவேற்காட்டில் 'பாடு' என்னும் மரபு முறை ஒன்று உண்டு. மீன்பிடிக்கும் இடங்களைக் குலுக்கலிட்டு, இன்னார்க்கு இன்ன நாளில் இன்ன இடம் என முறைவைத்துப் பகிர்ந்துகொள்வர். அம்முறையில் எல்லாச் சமூகத்தார்க்கும் இடமில்லை என்னும் குறை உண்டெனினும், அடிப்படைக் கருத்து அரியது: இடம் ஒன்றாயினும், காலத்தாலும் எல்லையாலும் பகுத்தால் பூசல் குறையும். கிண்டியில் இத்தகைய பகுப்பைக் காண்கிறோம். 1978ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்ற அக்காட்டின் ஓரத்தில் சிறுவர் பூங்கா அமைந்துள்ளது. ஆரவாரம் ஓரத்தோடு நிற்க, உட்காடு மான்களுக்கு உரியதாகின்றது. பழவேற்காட்டிலும் பறவைகள் வந்து தங்கும் மாதங்களில் படகு செல்லாத எல்லையும், குடும்பங்களுக்கென நிழலும் கழிப்பிடமும் உள்ள கரையும் தனித்தனியே அமையுமாயின் எவர்க்கும் குறை நேராது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவைச் சூழ்ந்த நிலப்பகுதியில் மரம் வெட்டுதலையும் வேட்டையாடுதலையும் தடைசெய்தார்கள். ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதரோ விலங்கோ பறவையோ உண்டால் அது நட்டவர்க்குத் தருமமாகும் என்பதும் அவர்களின் போதனையாகும். மனிதரோடு பறவையையும் விலங்கையும் சேர்த்தெண்ணும் இப்பார்வையே பசுமைவெளிக்குச் செல்லும் நமக்கு வேண்டுவது. அத்திப்பட்டுத் தொழிலாளியின் மகளும், ஏரியின் மீனவரும், குளிர்காலத்து விருந்தாளியான பூநாரையும் அவ்வெளியின் பங்காளிகளே. தம் பங்கைத் துய்ப்போர் பிறர் பங்கையும் காத்தல் கடனாகும். அடுத்த முறை அக்கரைக்குச் செல்லும் மாணவச் செல்வங்கள் இதனை நினைவிற்கொள்வார்களாக!