பெட்டியில் வரும் உணவு குழந்தைக்கு உகந்ததா? – சுட்டுத்துண்டை வாசித்து முடிவெடுத்தல்

மாணவர்களே, உணவுப் பொதி ஒன்றின் சுட்டுத்துண்டைத் தந்து, "இவ்வுணவு ஏழு மாதக் குழந்தைக்கு உகந்ததா? காரணம் தருக" என்ற வகையில் உங்களிடம் வினா கேட்கப்படலாம். வகுப்பில் இதைக் கொடுத்தால் அநேகமானோர், "எஸ்.எல்.எஸ். சின்னம் உண்டு, காலாவதித் திகதி கடக்கவில்லை, ஆகவே உகந்தது" என்று எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுகிறார்கள். இது அரைவாசி விடைதான். பழுதடையாத உணவு வேறு, குழந்தைக்கு உகந்த உணவு வேறு.

முதலில் குழந்தையின் நிலையை விளங்கிக்கொள்ளுங்கள். பிறந்து ஆறு மாதம் பூர்த்தியாகும்வரை தாய்ப்பால் மட்டும் போதுமானது. அதன் பின்னர் மேலதிக உணவு ஆரம்பிக்கப்பட வேண்டும். தாய்ப்பாலை இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் தொடரலாம். ஏன் ஆறு மாதம்? தாயின் வயிற்றிலிருந்தபோது குழந்தை சேமித்த இரும்புச்சத்து இக்காலமளவில் குறைந்துவிடுகிறது. வளர்ச்சிக்குத் தேவையான சக்தியும் தாய்ப்பாலால் மட்டும் கிடைப்பதில்லை. ஆனால் இரைப்பையோ மிகச் சிறியது. சில கரண்டி உணவுடன் அது நிறைந்துவிடும். அந்தச் சில கரண்டிகளைச் சீனியும் மாவும் பிடித்துக்கொண்டால் புரதமும் இரும்பும் எங்கே போவது? சிறுநீரகங்களும் இன்னும் முதிர்ச்சியடையவில்லை என்பதால் அதிக உப்பை வெளியேற்றுவது அவற்றுக்குச் சிரமம். இந்தக் காரணங்களை மனதில் வைத்துக்கொண்டால் சுட்டுத்துண்டில் எதைத் தேடுவது என்பது தானாகவே வரும்.

பெட்டியின் முன்பக்கத்தை நம்ப வேண்டாம். என் அக்காவின் மகனுக்கு ஏழு மாதமாக இருந்தபோது, சிரிக்கும் குழந்தையின் படம் போட்ட பிஸ்கற் பெட்டி ஒன்றை நானே ஆசையாக வாங்கிக்கொண்டு போனேன். வீட்டுக்கு வந்த குடும்பநல உத்தியோகத்தர் ஒன்றும் பேசாமல் பெட்டியைத் திருப்பிக் காட்டினார். சேர்மானங்களில் இரண்டாவதாக இருந்தது சீனி. பட்டம் படித்த எனக்கு அன்று வெட்கமாகப் போய்விட்டது.

சேர்மானங்கள் நிறையின் இறங்குவரிசையில் எழுதப்படுகின்றன. முதல் மூன்றுக்குள் சீனி இருந்தால் அது இனிப்புப் பண்டமே. சீனி வேறு பெயர்களிலும் வரும்: சுக்குரோசு, குளுக்கோசுப் பாகு, டெக்ஸ்ட்ரோசு, தேன், செறிவாக்கிய பழச்சாறு. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. போசணை அட்டவணையில் 'வெல்லங்கள்' எனத் தரப்படும் பெறுமானத்தில் பாலில் இயற்கையாக உள்ள லற்றோசும் அடங்கும். ஆகவே பால் சேர்ந்த தானிய உணவில் அந்த இலக்கம் கூடுதலாக இருப்பதைக் கண்டவுடன் தீர்ப்புச் சொல்லாமல் சேர்மானங்களையும் பாருங்கள்.

உப்பைப் பற்றிச் சுட்டுத்துண்டு பெரும்பாலும் நேரடியாகச் சொல்லாது, சோடியம் என்றே சொல்லும். சோடியத்தின் அளவை 2.5 ஆல் பெருக்கினால் உப்பின் அளவு வரும். ஒரு கற்பனைப் பிஸ்கற்றை எடுத்துக்கொள்வோம். 100 கிராமில் சக்தி 450 கிலோகலோரி, வெல்லம் 24 கிராம், சோடியம் 540 மில்லிகிராம். உப்பு 540 × 2.5 = 1350 மில்லிகிராம், அதாவது 1.35 கிராம். 1981 இல் வெளியான கோடெக்ஸ் நியமத்தின்படி, குழந்தைகளுக்கான தானிய உணவில் 100 கிலோகலோரிக்குச் சோடியம் 100 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது. நமது பிஸ்கற்றில் 540 ÷ 4.5 = 120. எல்லை தாண்டிவிட்டது. 8 கிராம் நிறையுள்ள நான்கு பிஸ்கற்றைத் தேநீரில் ஊறவைத்துக் கொடுத்தால், தேநீரிலுள்ள சீனியை விட்டுவிட்டாலும் 7.68 கிராம் வெல்லம், அதாவது ஏறக்குறைய ஒன்றரைத் தேக்கரண்டி, உள்ளே போகிறது. தேநீர் இரும்புச்சத்து அகத்துறிஞ்சப்படுவதையும் தடுக்கும். எங்கள் வீடுகளில் இது சர்வசாதாரணம் என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

பொதிகளில் இடப்படும் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை நிறக் குறியீட்டைச் சிலர் ஆதாரமாகக் காட்டுவர். 2016 இல் இனிப்புப் பானங்களுக்குக் கொண்டுவரப்பட்ட இம்முறை பொதுவான நுகர்வோருக்கானது. பச்சை நிறம் ஏழு மாதக் குழந்தைக்கான அனுமதி அல்ல.

தேன் சேர்ந்த எதையும் ஒரு வயதுக்கு முன் கொடுக்கக் கூடாது. அதில் இருக்கக்கூடிய குளொஸ்திரிடியம் பொற்றுலினம் பற்றீரியாவின் வித்திகள் குழந்தையின் குடலில் நச்சை உருவாக்கலாம். டின்பால், நூடில்ஸ், முழுக் கச்சான் ஆகியனவும் வேண்டாம். முதலாவதில் சீனி, இரண்டாவதில் உப்பு, மூன்றாவது தொண்டையில் சிக்கும்.

பொதியில் வருவதெல்லாம் கெட்டது என்றும் எழுதிவிடாதீர்கள். சீனி சேர்க்காத, இரும்பு செறிவூட்டப்பட்ட, ஆறு மாதத்திற்கு மேல் என்று தெளிவாகக் குறிப்பிட்ட தானிய உணவு, வேலைக்குப் போகும் தாய்க்குப் பெரிய உதவி. 1973 இல் ஆரம்பிக்கப்பட்ட திரிபோஷாவும் சோளம், சோயா, பால்மா கொண்ட பொதியிட்ட உணவுதான். எதுவாயினும் கொதித்தாறிய நீரில், சுத்தமான பாத்திரத்தில் கரைக்க வேண்டும். நீரைக் கூட்டினால் ஒவ்வொரு கரண்டியிலும் உள்ள சக்தி குறையும். விலையையும் பாருங்கள். அதே பணத்தில் குழைய அவித்த சோறு, பருப்பு, கீரை, முட்டை, முள் நீக்கிய மீன் ஆகியவற்றை மசித்துப் பல நாள் கொடுக்கலாம்.

மேற்கூறிய பிஸ்கற் வினாவுக்கு விடையை இவ்வாறு எழுதலாம்: "உகந்ததல்ல. 100 கிராமில் 24 கிராம் வெல்லம் உள்ளது. சேர்மானங்களில் சீனி இரண்டாவதாகும். 100 கிலோகலோரிக்குச் சோடியம் 120 மில்லிகிராம் என்பதால் முதிர்ச்சியடையாத சிறுநீரகங்களுக்குச் சுமையாகும். இரும்பு செறிவூட்டப்பட்டதாகக் குறிப்பிடப்படவில்லை. இதற்குப் பதிலாகப் பருப்பும் முட்டையும் சேர்த்து மசித்த சோற்றைக் கொடுக்கலாம்."