உடம்பைக் குளிர வைத்து ஓர் ஆபரேஷன்

நம் வீடுகளில் "உடம்பு சில்லிட்டுப் போச்சு" என்று சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான். சென்ற ஆண்டு ஒரு மருத்துவமனை வராந்தாவில், விடியற்காலை நான்கு மணிக்கு, டாக்டர் வெளியே வந்து "பாடி கோ பூரா தண்டா கியா தா" என்று ஆரம்பித்ததும் என் மைத்துனரின் மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அண்ணாச்சி, பாடிங்காரே, தண்டாங்காரே, என்ன சொல்லுதாரு?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். டாக்டர் சொல்ல வந்ததோ நல்ல செய்தி. உடம்பைக் குளிர வைத்துச் செய்த ஆபரேஷன் முடிந்தது, சூடேற்றியாகிவிட்டது, ஐ.சி.யூ.வுக்கு மாற்றுகிறோம் என்பதுதான் அது. அந்த இரண்டு நிமிடம் அவர் பட்ட பாட்டை வேறொரு குடும்பம் படக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லை. டிப்ளமோ படித்து, ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். டாக்டர்களை நச்சரித்துக் கேட்டுக்கொண்டதை எனக்குத் தெரிந்த ரயில்வே பாஷையில் சொல்கிறேன்.

இதயத்திலிருந்து புறப்படும் முதல் பெரிய குழாய்க்குப் பெருந்தமனி என்று பெயர். மூன்று சென்டிமீட்டர் அளவு அகலம் இருக்கும். மேலே ஏறி, கைத்தடியின் பிடிபோல் வளைந்து, முதுகெலும்பை ஒட்டி வயிற்றுக்கு இறங்குகிறது. அந்த வளைவிலிருந்துதான் தலைக்கும் கைகளுக்கும் மூன்று கிளைகள் பிரிகின்றன. குழாயின் சுவர் மூன்று அடுக்கு. பல வருஷம் ரத்தக்கொதிப்பைக் கவனிக்காமல் விட்டால் உள் அடுக்கு கிழிந்து, ரத்தம் அடுக்குகளுக்கு நடுவே புகுந்து பிளந்துகொண்டே போகும். என் மைத்துனருக்கு வயது 54, செம்பூரில் இருக்கிறார். "தலைசுற்றல்தான் இல்லையே" என்று பிரஷர் மாத்திரையைத் தாமாகவே நிறுத்தி எட்டு மாதம் ஆகியிருந்தது. இரவுச் சாப்பாடு முடிந்து எழுந்தவருக்கு நெஞ்சில் தொடங்கி முதுகுவரை துணியைக் கிழித்தாற்போல ஒரு வலி. முதலில் போன இடத்தில் வாயு என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். இரண்டாவது இடத்தில் ஓர் இளம் டாக்டர் இரண்டு கைகளிலும் பிரஷர் பார்த்தார். வலது கைக்கும் இடது கைக்கும் 40 புள்ளி வித்தியாசம். உடனே சி.டி. ஸ்கேனுக்கு அனுப்பினார். அந்தப் பிள்ளை நன்றாக இருக்க வேண்டும். மாரடைப்பு என்று நினைத்து ரத்தம் உறையாமலிருக்க மருந்து கொடுத்திருந்தால் காரியம் கெட்டிருக்கும். இதயத்தை ஒட்டிய பகுதியில் பிளவு என்றால் முதல் இரண்டு நாளில் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் நூற்றுக்கு ஒருவர் இருவர் என்ற கணக்கில் சாவு ஏறும் என்று மருத்துவ நூல்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகின்றன.

சரி, கிழிந்த குழாயை வெட்டிவிட்டுச் செயற்கைத் துணிக்குழாயைத் தைக்க வேண்டும். சாதாரண இதய ஆபரேஷனில் பெருந்தமனியை ஓரிடத்தில் கிடுக்கி போட்டு அடைத்துவிட்டு, உடம்பின் ரத்த ஓட்டத்தை இதய நுரையீரல் இயந்திரத்திடம் ஒப்படைத்துவிடலாம். கிழிசல் வளைவுவரை போயிருந்தால் கிடுக்கி போடவே இடமில்லை. ஓட்டம் முழுவதையும் நிறுத்தினால்தான் உள்ளே கை வைக்க முடியும். அதாவது பிளாக். ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக்கில் ஹார்பர் லைன் வண்டிகள் நிற்கும்போது நீங்களெல்லாம் சான்பாடா ஸ்டேஷனில் என்னைப் போன்றவர்களைத் திட்டியிருப்பீர்கள். அதே பிளாக்தான் இது. ஆனால் ரயில்வே பிளாக் அரை மணி தாமதமானால் ஜனங்கள் திட்டுவதோடு சரி. மூளைக்கு ரத்தம் நின்றால் 37 டிகிரியில் நாலைந்து நிமிஷத்தில் சேதம் தொடங்கிவிடும். நாலைந்து நிமிஷத்தில் யாரால் ஒரு குழாயைத் தைக்க முடியும்?

இங்கேதான் குளிர் வருகிறது. உடம்பு குளிரக் குளிர உயிரணுக்களின் பிராணவாயுத் தேவை குறைகிறது. ஏறக்குறைய 7 டிகிரி இறங்கினால் தேவை பாதியாகும். 30 டிகிரியில் பாதி, 23இல் கால்பங்கு. 18, 20 டிகிரியில் மூளை கிட்டத்தட்ட வேலையை நிறுத்திவிட்டுச் சும்மா இருக்கும். அந்த நிலையில் அரை மணி நேரம் ஓட்டத்தை நிறுத்தினாலும் பெரும்பாலோர் தாங்குவார்கள். 40 நிமிஷத்தைத் தாண்டினால் ஆபத்து ஏறும். என் மைத்துனருக்கு 26 நிமிஷம் என்று பின்னால் சொன்னார்கள். அத்தனை நேரம் இதயத்துடிப்பு இல்லை, மூச்சு இல்லை, ரத்த ஓட்டம் இல்லை.

இந்த யோசனை புதிதல்ல. கனடாவின் டொரான்டோவில் வில்ஃப்ரட் பிகலோ என்ற சர்ஜன் நாய்களைக் குளிர வைத்துச் செய்த சோதனைகளை 1950இல் வெளியிட்டார். 1952 செப்டம்பர் 2ஆம் தேதி அமெரிக்காவின் மினசோட்டாவில் ஜான் லூயிஸ், இதயத்தில் ஓட்டையுள்ள 5 வயதுச் சிறுமியைக் குளிர்ப் போர்வைகளால் சுற்றி 28 டிகிரிக்கு இறக்கி, ஐந்தரை நிமிஷத்தில் ஓட்டையை அடைத்தார். பிறகு அவளைச் சூடேற்றியது கால்நடைகளுக்குத் தண்ணீர் வைக்கும் தொட்டி ஒன்றில் வெந்நீர் நிரப்பி! இருப்பதை வைத்துக் காரியம் பார்க்கிற இந்தக் குணம் நம் கேங்மேன்களிடம் நான் பார்த்தது. வளைவுப் பகுதிக்கு ஆழ்ந்த குளிரைப் பயன்படுத்தும் முறையை ராண்டல் கிரீப் 1975இல் எழுதிய பிறகு அது உலகெங்கும் பரவியது.

இன்று போர்வை வேலையில்லை. இயந்திரத்தின் வழியாக ரத்தம் போகும்போதே அதைக் குளிர்வித்து அனுப்புகிறார்கள். தலையைச் சுற்றி ஐஸ் வைப்பதும் உண்டு. மூக்கின் உள்ளே, சிறுநீர்ப்பையில் எல்லாம் வெப்பம் காட்டும் கருவி. குளிர்ந்த ரத்தம் கெட்டியாகும் என்பதால் அதை நீர்க்கச் செய்கிறார்கள். பிறகு இயந்திரத்தை நிறுத்துகிறார்கள். ஒருவர் கடிகாரத்தைப் பார்த்து நிமிஷங்களைச் சொல்லிக்கொண்டே இருப்பாராம்.

இப்போது பல இடங்களில் உடம்புக்கு மட்டும் ஓட்டத்தை நிறுத்தி, வலது தோளருகே உள்ள தமனி வழியாக மூளைக்குக் கொஞ்சம் ரத்தம் அனுப்பிக்கொண்டே வேலை செய்கிறார்கள். ஒரு பாதையை மூடிவிட்டு அடுத்த பாதையில் வண்டி விடும் சிங்கிள் லைன் வொர்க்கிங் இது. அப்படிச் செய்தால் அவ்வளவு ஆழமாகக் குளிர்விக்க வேண்டியதில்லை, 25, 28 டிகிரியே போதும்.

வெப்பம் இறங்குவதைவிட ஏறுவதில்தான் கவனம் வேண்டும். அவசரமாகச் சூடேற்றினால் ரத்தத்தில் கரைந்துள்ள வாயு குமிழியாகும், மூளையும் அதிகச் சூடாகிவிடும். ஒரு மணி நேரத்துக்கு மேலும் பிடிக்கலாம். குளிரால் ரத்தம் உறையும் தன்மையும் கெட்டிருக்கும். அதனால்தான் பிளாஸ்மா, பிளேட்லெட் என்று பை பையாகக் கேட்டார்கள். நம் சங்க இளைஞர்கள் ஒன்பது பேர் வேலையை விட்டுவிட்டு ஓடி வந்து ரத்தம் கொடுத்தார்கள்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். மைத்துனர் இரண்டு நாள் கண் விழிக்கவில்லை. மூன்றாம் நாள் விழித்தவர் ஏதேதோ பேசினார். நர்ஸ் ஹிந்தியில் பெயர் கேட்டார், ஊர் கேட்டார். பதில் சரியாக வரவில்லை, உளறுகிறார் என்று குறித்துக்கொண்டார்கள். முப்பது வருஷம் ஹிந்தியில் வியாபாரம் பண்ணியவருக்கு ஹிந்தி போய்விட்டதே, மூளை போய்விட்டதோ என்று வீட்டில் ஒரே கலக்கம். நான் உள்ளே போய்க் காதோரம் "மாப்ளே, நான் யாரு தெரியுதா?" என்றேன். "அத்தான், திருநெல்வேலி ஜங்ஷன் வந்துட்டா? பொட்டிய இறக்கணுமே" என்றார். பெயர் சொன்னார், பிள்ளைகள் பெயர் சொன்னார், இடத்தைத்தான் மாற்றிச் சொன்னார். டாக்டரிடம் இதை விளக்கியதும் அவர் முகம் தெளிந்தது. கை கால் அசைகிறது, வாய் கோணவில்லை, தாய்மொழியில் ஆளைத் தெரிகிறது, ஆகவே இது பக்கவாதம் இல்லை, தற்காலிகக் குழப்பம் என்றார். இவ்வகை ஆபரேஷனுக்குப் பின் தாமதமாக விழிப்பதும், சில நாள் குழம்புவதும் அபூர்வமல்ல. ஆகவே வெளியூரில் இருக்கும் நாம், நோயாளியின் மொழி தமிழ் என்று ஐ.சி.யூ.வில் முதல் நாளே சொல்லி எழுதி வைக்கச் சொல்ல வேண்டும். கண்ணாடி, காது மிஷின் இருந்தால் கொடுத்தனுப்புங்கள். போகும்போதெல்லாம் இன்று என்ன கிழமை, எந்த ஊர், என்ன நடந்தது என்று தமிழில் நிதானமாகச் சொல்லுங்கள். ஆறாம் நாள் அவரே நர்ஸிடம் ஹிந்தியில் சண்டை போட்டார்.

குரல் மட்டும் மூன்று மாதம் கரகரத்தது. இடது குரல்வளை நரம்பு பெருந்தமனி வளைவைச் சுற்றிக்கொண்டு மேலே போகிறதாம். பாதை போட்டவர் ஏன் இப்படிச் சுற்றி விட்டார் என்று கேட்கத் தோன்றியது.

பார்க்க வந்தவர்களெல்லாம், "ரஜினிகாந்த் சில நாளிலேயே வீட்டுக்குப் போனாரே, இவருக்கு ஏன் இத்தனை வாரம்?" என்றார்கள். 2024 செப்டம்பர் 30இல் சென்னை அப்போலோவில் சேர்ந்த அவருக்கும் பெருந்தமனியில்தான் கோளாறு. ஆனால் அது வீக்கம். நெஞ்சைத் திறக்காமல் ரத்தக்குழாய் வழியாகவே ஸ்டென்ட் வைத்து அடைத்துவிட்டார்கள். எல்லாக் கிழிசலுக்கும் அந்த வழி கிடைக்காது. இந்த ஆபரேஷனுக்கு 1950களில் வழிகாட்டிய ஹூஸ்டன் டாக்டர் மைக்கேல் டிபேக்கிக்கே, 97 வயதில், 2005ஆம் வருஷக் கடைசி நாளில் பெருந்தமனி கிழிந்தது. மறு பிப்ரவரியில் ஆபரேஷன் செய்து, பல மாதம் மருத்துவமனையில் கிடந்து, எழுந்து 2008 வரை இருந்தார்.

புதுத் தண்டவாளம் போட்டபின் முதல் வண்டியை 20 கிலோமீட்டர் வேகத்தில்தான் விடுவோம். காஷன் ஆர்டர் என்போம். பிறகு 45, பிறகு படிப்படியாக முழு வேகம். மைத்துனருக்கும் அப்படித்தான் கொடுத்தார்கள்: நெஞ்செலும்பு கூடும்வரை இரண்டு மாதம் கனமான எதையும் தூக்கக் கூடாது, பிரஷர் மாத்திரையை ஆயுளுக்கும் விடக் கூடாது, குறித்த காலத்தில் ஸ்கேன். இப்போது கடைக்குப் போகிறார், நாற்காலியை விட்டு எழுவதில்லை.

உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் எக்கோ எடுத்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார், சில குடும்பங்களில் இது வழிவழியாக வரும் என்பதால். என் மனைவி அவருக்கு அக்கா. "எனக்கு ஒண்ணுமில்லே" என்று நாலு மாதம் கடத்தினாள். கடைசியில் எடுத்ததில் பெருந்தமனி 4.1 சென்டிமீட்டர் இருந்தது. இப்போதைக்கு ஆபரேஷன் தேவையில்லை, வருஷம் ஒருமுறை அளந்தால் போதும் என்றார்கள். அடுத்த முறை தை மாதம். தேதியைக் காலண்டரில் நானே குறித்து வைத்திருக்கிறேன்.