சோற்றுக்கை தயங்கும்போது

ஒரு வயது நிறையுமுன்னரே குழந்தை இடக்கையால் மட்டும் பொருட்களைப் பற்றுமாயின், அதனை அதட்டித் திருத்த முனைவோரே நம்மிடையே அதிகம். வலக்கை ஏன் தயங்குகின்றது என எவரும் பார்ப்பதில்லை. அது பெருமூளை வாதத்தின் முன்னறிகுறியாக இருக்கலாம். 'வளர வளரச் சரியாகிவிடும்' எனக் காத்திருப்பது பெருந்தவறு என்றே நாம் கருதுகின்றோம்.

தொழில்வழிச் சிகிச்சை என்றதும், குழந்தைக்கு ஏது தொழில் என வியப்போர் உளர். உண்பதும் உடுப்பதும் விளையாடுவதுமே குழந்தையின் தொழில். பயன்படுத்தாத கையை மறக்கவும் மூளை பழகிக்கொள்கின்றது என்பதை அமெரிக்க உளவியலாளர் எட்வேர்ட் டோப் குரங்குகளில் கண்டறிந்தார். அதிலிருந்து பிறந்த முறையில், நல்ல கைக்கு உறையிட்டு, தளர்ந்த கையை நாள்தோறும் பல மணி நேரம், சில வாரங்களுக்குப் பழக்குகின்றனர். இரு கைகளையும் சேர்த்துப் பழக்குவதும் ஏறக்குறைய அதே பயனைத் தருகின்றது. சிகிச்சையாளர் கையைப் பிடித்து அசைத்துவிட்டால் மட்டும் போதாது. பிள்ளை தானே முயலவேண்டும்.

மாதமொரு முறை கிளினிக் சென்று திரும்புவதால் இத்தனை மணி நேரம் கிட்டாது. அவுஸ்திரேலிய ஆய்வாளர் அயோனா நோவாக் குழுவினரின் 2013ஆம் ஆண்டு மீளாய்வு, வீட்டுப் பயிற்சியையும் பயன்தரும் முறைகளுள் சேர்த்துள்ளது. ஆகவே அடுத்த முறை செல்லும்போது, வீட்டில் செய்யவேண்டியவற்றைச் சிகிச்சையாளரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.